ஒன்பதாவது கேள்வி

அந்தக் குதிரைப் பண்ணையில் எல்லோருக்கும் அவள் லாயத்தக்கா. பத்தொன்பது வருடங்களாகக் குட்டிகளுக்குத் தண்ணீர் காட்டி, குளம்பு சுரண்டி, கயிறு பழக்கியவள். பிள்ளைகள் இல்லை. கணவர் தையல்காரர். காலையில் அவள் செருப்பை மாட்டும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"தையக்காரன் சட்டையில பட்டன் இல்லன்னு ஊரே சிரிக்குது. நீ போய்க் குதிரைக்கு வால் சீவு."

"குதிரைக்குச் சீவத் தெரியாது. உங்களுக்குத் தைக்கத் தெரியும்ல?"

ஓட்டப் பயிற்சிக்குப் போகும் ஒவ்வொரு குட்டிக்கும் இன்சூரன்ஸ் வேண்டும். அதற்குக் கால்நடை டாக்டரம்மா வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கண், பல், மூட்டு எல்லாம் பார்ப்பார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பார். படிவத்தில் இருக்கும் குதிரைப் படத்தில் அடையாளத்துக்காக முடிச் சுழிகளைக் குறிப்பார். கடைசியான ஒன்பதாவது கேள்வி மட்டும் வளர்ப்பவளுக்கு: குட்டி எப்போதாவது விழுந்ததா, மயங்கியதா?

மூன்று வருடங்களுக்கு முன் வெள்ளைக்கால் என்ற குட்டியின் முறை வந்தபோது அவள் உள்ளதைச் சொன்னாள். வேகமாக ஓடினால் பின்னங்கால் இழுத்து விழுந்துவிடுகிறது. கையெழுத்து விழவில்லை. மறுவாரமே ஒரு லாரி வந்து அதை ஏற்றிக்கொண்டு போனது. எங்கே என்று முதலாளி சொல்லவில்லை. கேட்க அவளுக்கும் தைரியம் வரவில்லை. தன் வாய்தான் அதற்கு எமனாகிவிட்டது என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டாள்.

பிறகு வந்தது அரட்டை என்ற குட்டி. வாளிச் சத்தம் கேட்டாலே கனைக்கும். அவள் பதில் சொல்லும்வரை விடாது. ஒருநாள் திடலில் தலைதெறிக்க ஓடிவந்த அது, முன்னங்கால் மடிந்து விழுந்தது. அரை நிமிடம் அசைவில்லை. பிறகு எழுந்து, ஒன்றுமே நடக்காதது போல் அவள் தோளைக் கவ்வியது. அடுத்த மாதம் இன்னொரு முறை. இரண்டு தடவையும் அவளைத் தவிர பக்கத்தில் யாரும் இல்லை.

பரிசோதனை நாளில் டாக்டரம்மா நெஞ்சில் இரண்டு முறை குழாய் வைத்துக் கேட்டார். குறை ஒன்றும் தெரியவில்லை.

"கடைசிக் கேள்வி, அக்கா. எங்கயாவது விழுந்துச்சா?"

அரட்டை அவள் முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தது.

"இல்ல டாக்டரம்மா."

"இதுக்கு வாய் மட்டுந்தான் வியாதி" என்று சிரித்துக்கொண்டே அவர் கையெழுத்துப் போட்டார்.

நான்காம் மாதம், பயிற்சித் திடலில் மூன்றாவது சுற்றில் அரட்டை விழுந்தது. இந்த முறை எழவில்லை.

இறப்புப் படிவத்தோடு டாக்டரம்மா லாயத்துக்கு வந்தார். பழைய படிவமும் கையில் இருந்தது. படத்தில் இடது கண்ணுக்கு மேல் சின்னதாய் ஒரு சுழி.

"ரெண்டு தடவ குழாய் வெச்சுக் கேட்டேனேக்கா. எப்படித் தவறவிட்டேன்? நெனச்சா சோறே இறங்கல."

லாயத்தக்கா காலி வாளியைக் கீழே வைத்தாள்.

"நீங்க தவறவிடல. இங்கயே ரெண்டு தடவ விழுந்துச்சு. நான் பாத்தேன்."

"ஏங்க்கா சொல்லல? சொல்லியிருந்தா ஓடவே விட்டிருக்க மாட்டேனே!"

"சொன்னா லாரில ஏத்திருவாங்க. வெள்ளைக்கால ஏத்தின மாதிரி."

டாக்டரம்மாவின் குரல் தாழ்ந்துவிட்டது.

"வெள்ளைக்கால் சவாரி கத்துக்குடுக்கிற பள்ளிக்கூடத்துல இருக்குக்கா. போன வாரங்கூட ஊசி போட்டேன். சின்னப் பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு மெதுவா நடக்குது. நல்லா கொழுத்திருச்சு."

அவள் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து அறைக் குட்டி தீவனத் தொட்டியை உதைத்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"எழுதுங்க. நான் சொன்னத அப்படியே எழுதுங்க."

"எழுதினா உங்க வேல போயிரும்க்கா."

"எழுதுங்கம்மா."

அன்று அவள் பொழுதோடு வீடு திரும்பினாள். கொடியில் கிடந்த கணவரின் சட்டையை எடுத்து, ஊசியில் நூல் கோத்தாள். கேலிக்கு வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் விளக்கை மட்டும் அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.