எண்ணூரும் ஏனாத்தூரும்

ஓர் அரசு அலுவலகத்தை இழுத்து மூடப்போகிறார்கள் என்று கேட்டு வடை பாயசம் செய்து சாப்பிட்ட ஒரே வீடு, காஞ்சிபுரத்தில் எங்கள் வீடாகத்தான் இருக்கும். நல்லவேளையாக அன்று என் கணவர் ஊரில் இல்லை. மூடப்போவது அவருடைய அலுவலகம்.

தெற்கே ஆறு மணி நேரம் பேருந்தில் போனால் வருகிற ஒரு சின்னத் துறைமுக ஊரில், கப்பல்களையும் படகுகளையும் பரிசோதித்துச் சான்று கொடுக்கிற அலுவலகம் அது. மொத்தம் நாலு பேர். அவர் அங்கே பரிசோதகர். சுத்தியலால் படகின் பக்கப்பலகையைத் தட்டி, சத்தத்தை வைத்தே உள்ளே மரம் உளுத்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

தறிக்காரர் வீட்டுப் பெண்ணான நான் கடல்காரருக்கு வாழ்க்கைப்பட்டதற்கு என் அப்பாவின் காதுதான் காரணம். தரகர் என்னென்னவோ சொல்ல, அப்பாவின் காதில் விழுந்தது இவ்வளவுதான்: பையன் ஆரணிப் பக்கம், நெசவுக் குடும்பம், ஓடம் பரிசோதிக்கிற அரசாங்க வேலை. தறியில் ஊடை நூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற கட்டையை எங்கள் வீட்டில் ஓடம் என்றுதான் சொல்வோம். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். தறிக்கென்று ஓர் ஆபீசர், அதுவும் நம் வீட்டுக்கே மாப்பிள்ளையாக! அன்றே தட்டு மாற்ற நாள் பார்த்துவிட்டார்.

நிச்சயதார்த்தம் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா பெருமையாகக் கேட்டார். "மாப்ள, உங்க கைல எத்தினி தறி இருக்குது?"

"தறியா? எங்க ஆபீஸ்ல போட்டும் கப்பலும்தான் மாமா. கடல்ல போற ஓடம்."

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. கை அப்படியே இலையில் நின்றுவிட்டது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் என்னைப் பிடித்துப்போனது என்று அவர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கல்யாணமான புதிதில் ஆறு மாதம் அந்த ஊரில் போய் இருந்தேன். தறியையும் கொண்டுபோனேன். உப்புக் காற்றில் ஜரிகை கறுத்தது. ஜரிகையைவிட வேகமாக என் முகம் கறுத்தது. தறி ஓட்ட முடியாத எரிச்சலை எல்லாம் அவர்மேல் கொட்டினேன். கடைசியில் அவரே என்னையும் தறியையும் வண்டியேற்றி ஊருக்கு அனுப்பினார். அதிலிருந்து அவர் சனிக்கிழமை விடிகாலை வந்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போகிற விருந்தாளி. "நான்தான் அரைக்காதுல கேட்டு உன்ன இப்பிடி பண்ணிட்டேன்" என்று அப்பா அடிக்கடி சொல்லி என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் நான் தனியாளாக நெய்கிற புடவை. மற்றது கோர்வைத் தறி. கோர்வை என்றால் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். அதற்கு இடது பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து கரை ஓடத்தைப் போட்டால்தான் ஆகும். அப்பாவுக்கு முதுகுவலி. ஆகவே அந்த இடம் என் கணவருடையது. தெருவில் புருஷன் பெண்டாட்டி எல்லாம் சனி ஞாயிறு சினிமாவுக்குப் போவார்கள். நாங்கள் கோர்வை போடுவோம். உண்மையைச் சொன்னால் வாரத்தில் எனக்குப் பிடித்த நாட்கள் அவை இரண்டும்தான். திங்கள் முதல் வெள்ளி வரை அந்தத் தறியை ஒரு பழைய வேட்டியால் மூடி வைத்திருப்பேன். பார்க்கும்போதெல்லாம் கோபம் வரும்.

துறைமுக வாயை மணல் மூடிக்கொண்டே வந்ததால் பெரிய கப்பல்கள் அங்கே வருவது நின்றுபோனது. அலுவலகத்தை மூட முடிவானது. பாயசம் குடித்த மறுநாள் அவர் போனில் சொன்னார். "ரொம்ப ஆடாதம்மா. எங்க போடுவாங்கன்னு இன்னும் சொல்லல. சென்னையாவும் இருக்கலாம், தூத்துக்குடியாவும் இருக்கலாம்."

தூத்துக்குடி என்றால் சனி ஞாயிறும் போய்விடும். மாதம் ஒருமுறை வந்தால் அதிகம். வேட்டி போர்த்திய தறியை நான் அப்படியே பிரித்துப் பரணில் போட வேண்டியதுதான். குடித்த பாயசமெல்லாம் கசந்தது.

கடைசி நாளன்று என்னையும் அப்பாவையும் வரச் சொன்னார். நாங்கள் போனபோது பெயர்ப்பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். அவர் தன் கைபேசியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, கடைசியாகச் சான்று கேட்டு வந்த படகுக்குள் இறங்கித் தட்டிக்கொண்டிருந்தார். படகுக்காரர் என்னிடம் வந்தார்.

"சார் தட்டிப் பார்த்து சரின்னா வீட்ல பொம்பளைங்க நிம்மதியா தூங்குவாங்கம்மா. இனிமே வேற ஊர்ல இருந்து ஆள் வரணுமாம்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவருடைய வீட்டுப் பெண்களின் தூக்கம் கெடுவதற்கா நான் பாயசம் வைத்தேன்? ஆனாலும் பொய் சொல்ல மாட்டேன், அந்த வெட்கத்தோடு கூடவே சென்னை சென்னை என்று மனசு வேண்டிக்கொண்டுதான் இருந்தது.

அப்போது கைபேசி அடித்தது. அப்பா எடுத்தார். கடற்காற்று வேறு. "ஹலோ! ஆமாங்க, அவரு மாமனாரு... எங்க? ஏனாத்தூரா? சார், நீங்க நல்லா இருக்கணும் சார்!"

எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம் ஏனாத்தூர். அப்பா செருப்பை விட்டுவிட்டு மணலில் ஓடினார். "மாப்ள! ஏனாத்தூருக்குப் போட்டுட்டாங்கோ!"

படகுக்குள்ளிருந்து தலை மட்டும் வெளியே வந்தது. "ஏனாத்தூர்ல ஏது மாமா கடலு?"

"ஏரி இருக்குதே மாப்ள! அதுல வுடுவாங்களா இருக்கும்!"

"நைனா, ஒழுங்கா கேட்டியா நீ?" என்று கத்தினேன். அவர் ஏறி வந்து, கைபேசியை வாங்கி, அந்த எண்ணுக்கே திரும்பப் பேசினார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் புருவம் ஏறியது. பிறகு மெதுவாகச் சிரிப்பு வந்தது.

"எண்ணூரு, மாமா."

சென்னைக்கு வடக்கே இருக்கிற எண்ணூர்! காஞ்சிபுரத்திலிருந்து ரயில் ஏறி, மாறி, எப்படியும் மூன்று மணி நேரம். ஆனால் காலையில் போனால் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனை பேர் எதிரில் அழுதேன், சிரித்தேன். படகுக்காரர் விஷயம் கேட்டுத் தானும் சிரித்து, எங்களுக்கு ஒரு பை நிறைய மீன் கொடுத்தார். நாங்கள் சைவம். அதைச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. வழியில் பேருந்து நிலையத்துப் பூக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தோம்.

இப்போது அவர் எண்ணூரில்தான் வேலை பார்க்கிறார். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் எண்ணூர் என்று சொல்வதில்லை. விசாரிக்கிறவர்களிடம் அப்பா, "மாப்ள ஏனாத்தூர் கப்பல் ஆபீஸ்ல இருக்காரு" என்று அசராமல் சொல்வார். ஏனாத்தூர்க்காரர்களே ஒருமுறை குழம்பிப்போய் ஏரியை நினைத்துப் பார்த்தார்கள்.

அவர் வேலையில் சேர்ந்த இரண்டாம் நாள் செவ்வாய்க்கிழமை. ரயிலுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. குளித்து, அலுவலகச் சட்டை போட்டுக்கொண்டு வந்தவர், கோர்வைத் தறியின் வேட்டியை உருவி எறிந்துவிட்டு இடது பக்கம் போய் உட்கார்ந்தார்.

"சட்டை கசங்கும்" என்றேன்.

"கசங்கட்டும், வா."

நான் தறிக்குழியில் கால் விட்டு மிதிபலகையை மிதித்தேன். கரையிலிருந்து அவர் விட்ட ஓடம் என் கைக்கு வந்தது. பத்து இழை ஓடியிருக்கும். வாசலிலிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

"மாப்ள, ஏனாத்தூருக்கு நேரமாச்சி!"

இன்னும் ஒரே ஒரு இழை போட்டுவிட்டுத்தான் அவரை விட்டேன்.