நீல அப்பா

கற்பனைக்காம்! எனக்குக் கொடுத்த பரிசைத்தான் சொல்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது நான் ராயப்பன்பட்டியில் ஐந்தாம் வகுப்பு. நகரத்திலிருந்து ஓர் ஆய்வுக் குழு ஜீப்பில் வந்து இறங்கியது. ஊரின் மண்ணும் தண்ணீரும் எப்படி மாறியிருக்கின்றன என்பதை ஊர்க்காரர்களே படமாகப் போட்டுக் காட்ட வேண்டும். அதை வைத்து அவர்கள் ஆராய்வார்களாம். பெரியவர்கள் கோலப்பொடியால் தரையில் ஊரை வரைந்தார்கள். பிள்ளைகளுக்குச் சார்ட்டும் கிரேயானும். "உங்க கண்ணுல பட்டதை வரைங்க, சரி தப்புன்னு எதுவும் கிடையாது" என்றார் குழுவில் வந்திருந்த அக்கா. அதை நான் அப்படியே நம்பிவிட்டேன்.

எங்களுடையது பன்னீர் திராட்சைத் தோட்டம். கொடி நோய்க்கு நீல மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து, தெளிப்பானில் ஊற்றி முதுகில் மாட்டிக்கொண்டு, அப்பா பந்தலுக்கு அடியில் நின்று மேல்நோக்கி அடிப்பார். பாதி அவர் மேலேயே விழும். பனியன், புருவம், நகக்கண், எல்லாம் நீலம். சோறு பிசைவதும் அதே கைதான். பூச்சிக்கென்று வேறொரு மருந்தும் உண்டு. அதை அடித்தால் தேனீக்கள் செத்துக் கொட்டிக் கிடக்கும். நான் வேறு எதை வரைவேன்? நீல அப்பாவை வரைந்தேன். காலடியில் கறுப்புப் புள்ளிகளாகத் தேனீக்களை வைத்தேன். நீலக் கிரேயான் தீர்ந்துபோய், பக்கத்திலிருந்தவளிடம் சண்டை போட்டுப் பிடுங்கினேன்.

கடைசி நாளில் கோயில் மண்டபத்தில் கயிறு கட்டிப் படங்களைத் தொங்கவிட்டார்கள். என் படத்துக்குக் கீழே ‘கனவில் வந்த நீல மனிதன்’ என்று ஒரு தலைப்பு! யார் வைத்தது? என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா?

"கனவு இல்லக்கா, எங்கப்பா! மருந்தடிச்சா இப்படித்தான் இருப்பாக."

"அடடா, எவ்வளவு அழகா சொல்றா! திராட்சை உதிர்ந்து கிடக்கறதைக்கூட விடலை பாருங்க."

"திராட்சை இல்ல. செத்த தேனீ!"

அக்கா என் கன்னத்தைத் தட்டினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் மாமா வேறு, "ஏ கழுத, குடுக்கிறத வாங்கிட்டு வா. அங்கன என்ன கேசா நடக்குது?" என்று அதட்டினார்.

விடுவேனா? கூட்டத்துக்குள் புகுந்து அப்பாவை இழுத்துக்கொண்டு வந்தேன். "அப்பா, கையக் காட்டுங்க. இவுகளுக்குக் காட்டுங்க!"

அப்பா கைகளைத் துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்தார். துண்டைப் பிடித்து இழுத்தேன். அவர் விடவில்லை. மெல்லச் சிரித்து, "பிள்ளைக்குக் கற்பனை சாஸ்திங்க. அது உதுந்த பழந்தான்" என்றார்.

மண்டபமே கைதட்டியது. கற்பனைக்கான கலர்ப் பெட்டியை என் கையில் திணித்தார்கள். வீட்டுக்கு வந்து அதை அடுப்பங்கரை மூலையில் விட்டெறிந்தேன். என் அப்பாவே பொய் சொல்லிவிட்டாரே! அவரோடு பேசுவதை நிறுத்தினேன். அவர் கூப்பிடக் கூப்பிட முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன்.

கண்ணில் பட்டதை வரையச் சொன்னவர்கள், வரைந்ததை யார் கண்ணில் படும்படி மாட்டுகிறோம் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டாமா? விழா சிறப்பாக இருக்கட்டும் என்று, எங்கள் பந்தலை மொத்தமாக விலை பேசியிருந்த குமுளி வியாபாரியையும் அவர்கள் அழைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் அவர் என் படத்துக்கு முன்னால்தான் நின்றிருந்தார். ‘சரிதான், செத்த தேனீதான்’ என்று அப்பா சொல்லியிருந்தால், விஷம் அடித்த பழம் என்று அவர் விலகியிருப்பார்; அந்த வருடம் எங்கள் பழம் கொடியிலேயே கிடந்து அழுகியிருக்கும்.

இதெல்லாம் அப்போது எனக்கு எங்கே தெரிந்தது? பதில் சொல்லும் முன் அப்பா ஒரு கணம் என் தலைக்கு மேலாக எங்கோ பார்த்தார். நான் அவர் முகத்தையே முறைத்துக்கொண்டு நின்றேனே தவிர, திரும்பிப் பார்க்கவில்லை.