அலாஸ்காவுக்குப் போன பயற்றம் பணியாரம்

போன சனிக்கிழமை இங்கே ரொறன்ரோவில், வோபர்னில் மரக்கறிக் கடைக்குப் போனேன். முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றேன். பின்னால் ஒரு குரல்.

"என்ன அண்ணை, கப்பலில போனீங்களாம்?"

திரும்பினேன். ஊர்ச் சங்கத்துப் பொடியன். பொடியன் என்றால் நாற்பது வயது இருக்கும்.

"ஓம். போனனான்."

"சனம் அங்க ஊரில முகாமில, முள்ளுக்கம்பிக்குள்ள கிடக்குது. உங்கட தம்பியும்... எப்பிடி அண்ணை மனம் வந்தது?"

கடையில் நாலைந்து பேர். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் வெண்டிக்காய் முறித்துப் பார்க்கிற சத்தம் நின்றுவிட்டது.

எனக்குக் கடையில் நின்று கதைக்க வராது. முருங்கைக்காயை நிறுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதையேதான் உங்களிலும் கனபேர் கேட்க நினைக்கிறீர்கள். தெரியும். கிழமைக்குக் கிழமை பத்திரிகையின் இந்த இடத்தில் உங்களோடு கதைக்கிறவன், இதை மட்டும் ஏன் மறைக்க வேணும்?

ஓம், போனேன். மனைவி வசந்தி, ஐந்து வயது மகள் மிது, நான். வான்கூவரில் ஏறி, அலாஸ்காக் கரையோரமாக ஒரு கிழமை. மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கப்பலுக்குப் பதிந்தது பனிக்காலத்தில். மிதுவுக்குப் பள்ளிக்கூடத்தில் திமிங்கிலம் பற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் வேறு கதை இல்லை. குளிக்கிற தொட்டிக்குள் திமிங்கிலம். சோற்றுக்குள் திமிங்கிலம். "சரி பிள்ளை, லீவுக்குக் காட்டுறன்" என்று சொல்லிவிட்டேன். பிள்ளைக்குச் சொன்னால் சொன்னதுதான்.

அதே நாட்களில்தான் வன்னியில் எல்லாம் இறுகிக்கொண்டு வந்தது. என் தம்பி தவம் அங்கே. கலியாணம் கட்டாதவன். போன் வரும், நிற்கும், வரும். பிறகு நின்றேவிட்டது. மே மாதம் சண்டை முடிந்தது என்றார்கள். முகாம் ஒவ்வொன்றாக விசாரித்தோம். இல்லை. ஆஸ்பத்திரி? இல்லை.

இரண்டு கதை வந்தது. தவம் விழுந்ததைக் கண்டதாக ஒரு கதை. கையை உயர்த்திக்கொண்டு போய் பஸ்ஸில் ஏறியதைக் கண்டதாக இன்னொரு கதை.

இங்கே மில்லிக்கனில் இருக்கிற என் அக்கா முதல் கதையை நம்பினா.

"கண்டது ஆர்?" என்று கேட்டேன்.

"ஆரோ கண்டவையாம்."

"பேர்?"

"பேரைக் கேட்டு என்ன செய்யப்போறாய்? உனக்கு எல்லாத்துக்கும் கோடு கச்சேரி மாதிரிச் சாட்சி வேணுமோ?"

அக்கா முடிவெடுத்துவிட்டா. தவத்துக்கு அந்தியேட்டி செய்ய வேணும். முப்பத்தோராம் நாள் காரியம். செத்த நாள் தெரியாது... பரவாயில்லை, ஐயர் ஒரு நாள் பார்த்துத் தருவார். கப்பலை நிப்பாட்டு. செத்தவீட்டுத் துடக்குக்காரர் உல்லாசம் போறதில்லை.

"ஆருக்குத் துடக்கு?" என்றேன்.

போனை வைத்துவிட்டா.

அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். கனவில் தவம் வந்து வாசலில் நிற்கிறானாம். "பசிக்குது அக்கா" என்கிறானாம். ஒவ்வொரு இரவும். எழும்பிப் போய்க் குசினியில் இருந்து அழுவாவாம். அத்தான் சொன்னார். காரியம் செய்தால் அவன் பசி ஆறும், தனக்கும் நித்திரை வரும் என்று நம்பினா.

ஆனால் என் பக்கத்தையும் பாருங்கோ. தவம் செத்தான் என்று அரசாங்கம் சொல்லவில்லை. முகாம் சொல்லவில்லை. கண்டவன் பேர் சொல்லவில்லை. காரியம் செய்தால் — நான்தான் சொன்னதாகும். முதல் ஆளாக. அவனோடு ஒரே சோற்றுக் கோப்பையில் சாப்பிட்ட நான்.

எங்கள் ஆட்கள் ஒரு விஷயத்தில் கெட்டிக்காரர். செத்தவருக்கு என்ன செய்ய வேணும் என்று எல்லோருக்கும் தெரியும். எட்டுச்செலவு இருக்கு. அந்தியேட்டி இருக்கு. வருசம் முடிய ஆட்டைத் திவசம் இருக்கு. இந்தப் பத்திரிகையில் கடைசிப் பக்கத்தில் படம் போட இடம் இருக்கு. காணாமல் போனவருக்கு? ஒரு நாளும் இல்லை. ஒரு பக்கமும் இல்லை. என்ன செய்கிறதென்று தெரியாததால், செத்தவருக்குச் செய்கிறதைச் செய்துவிடுகிறோம்.

கப்பலை நிப்பாட்டவில்லை.

ரொறன்ரோவில் பிளேன் ஏறுகிற அன்று அக்காவும் அத்தானும் எயர்போர்ட்டுக்கு வந்தார்கள். அக்காவின் கையில் ஒரு பை.

"சரி, போ. ஆனால் சும்மா போகாதை. கடலிலதானே போறாய்? அங்க செய். ஐயரிட்டக் கேட்டனான். காரியம் செய்ய எந்தக் கடலும் கீரிமலைத் தீர்த்தம்தானாம்."

"அது அலாஸ்கா அக்கா. ஐஸ்."

"ஐஸ் என்ன மண்ணோ? அதுவும் தண்ணிதானே!"

பைக்குள் தர்ப்பைப் புல். ஒரு கடதாசிச் சரை எள்ளு. பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் பயற்றம் பணியாரம். தவத்துக்கு உயிர் அது.

"கப்பல் நிக்கிற இடத்தில எள்ளும் தண்ணியும் விட்டு, இதையும் கடலில போடு. ஆம்பிளைச் சகோதரம் நீ ஒருத்தன்தான். நீ செய்யாட்டி ஆர் செய்யிறது? வந்தாப் பிறகு நான் வீட்டில ஐயரைக் கூப்பிட்டு மிச்சத்தைச் செய்யிறன். நாளும் குறிச்சாச்சு."

அக்காவின் மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த கொப்புளம். புதுசு. பையை வாங்கினேன். செய்கிறேன் என்று சொல்லவில்லை.

பிளேனில் வசந்தி மெல்லச் சொன்னா, "செய்துபோட்டு விடுங்கோ. நம்பாட்டிப் பரவாயில்லை. அக்கா நித்திரை கொள்ளட்டும்."

பையை இருக்கைக்குக் கீழே தள்ளிவிட்டேன். வசந்திக்கு என்னைத் தெரியும். அதுக்குப் பதில் அதுதான்.

அலாஸ்கா அமெரிக்காவின் நிலம் என்பதால், வான்கூவரில் கப்பல் ஏற முதலே அமெரிக்கச் சோதனை. ஒரு அதிகாரி பையைத் திறந்தான். ஐஸ்கிரீம் டப்பாவை முகர்ந்து பார்த்தான். தலையாட்டினான். எள்ளைப் பார்த்தான். தலையாட்டினான். தர்ப்பையைத் தூக்கிப் பிடித்தான்.

"இது என்ன?"

"புல்லு," என்றா வசந்தி. "கும்பிடுறதுக்கு."

புல்லுக்கு அனுமதி இல்லை. குப்பைத் தொட்டிக்குள் போய்விட்டது. எத்தனை ஆட்களை உள்ளே விடுகிற நாடு, ஒரு பிடி புல்லுக்குப் பயப்படுகிறது.

வசந்தியின் முகம் கறுத்துவிட்டது. "சகுனம் சரியில்லை."

"நல்ல சகுனம்," என்றேன்.

கப்பல் வெளிக்கிட முதல் எல்லோரையும் கூப்பிட்டு செம்மஞ்சள் லைஃப் ஜாக்கெட் போட்டுக் காட்டினார்கள். மிதுவுக்கு அதைக் கழற்ற விருப்பமில்லை. அதோடுதான் சாப்பிட வருவேன் என்று அடம். நான் இதுக்கு முதல் கடலில் போனது ஒருதரம்தான். இரவில், மன்னாரிலிருந்து, வள்ளத்தில். அப்போது ஜாக்கெட் ஒருவரும் தரவில்லை.

சாப்பாட்டு மேசையில் ஒரு வயதான வெள்ளைக்காரச் சோடி. எந்த நாடு என்று கேட்டார்கள். ரொறன்ரோ என்றேன். இல்லை, அதுக்கு முதல்? சொன்னேன்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "ஓ! அங்கே சண்டை முடிந்துவிட்டதே! டிவியில் பார்த்தோம். சந்தோசமா இருப்பீர்கள்!"

"மீன் நல்லா இருக்கு," என்றேன்.

மிதுதான் சொன்னாள். "மை சித்தப்பா லிவ்ஸ் தெயர்."

வசந்தி குனிந்து மீனில் முள் தேடினா. அந்த மீனில் முள்ளே இல்லை.

திமிங்கிலம் கண்டோம். வால் மட்டும். "மிச்சம் எங்க?" என்று மிது கேட்டாள். கீழே இருக்கு என்றேன். "ஹவ் டு யூ நோ?" என்றாள். காணவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை பிள்ளை என்றேன். சொன்ன பிறகுதான் வசந்தி என்னைப் பார்க்கிறதைக் கண்டேன்.

பிறகு அந்த நாள் வந்தது. ஐஸ் மலை கடலுக்குள் இறங்கி நிற்கிற இடம். கப்பல் அதுக்கு முன்னால் போய் எஞ்சினைக் குறைத்து நின்றது. இங்கேதான் விட வேணும் என்று வசந்தி முதல்நாளே கணக்குப் போட்டிருந்தா. காலையில் என்னைக் குளிக்கச் சொன்னா. குளித்தேன். அது நான் வழமையாகக் குளிக்கிறதுதான்.

மேல்தட்டுக்கு வந்தோம். சரியான குளிர். சனம் கம்பளியால் போர்த்திக்கொண்டு கமெராவோடு நிற்குது. ஒலிபெருக்கியில் ஒருத்தி சொன்னாள் — கடலுக்குள் ஒன்றும் போடக்கூடாது, கடதாசித் துண்டுகூட.

வசந்தி கம்பிக் கரையில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினா. "கொஞ்ச எள்ளுத்தானே. ஆருக்குத் தெரியப்போகுது? கெதியா விடுங்கோ."

"மாட்டன்."

"அவளின்ர சட்டத்துக்குப் பயந்தோ?"

"இல்லை. அவள் விடச்சொன்னாலும் நான் விடமாட்டன்."

"இஞ்சேருங்கோ... அவர் இல்லையப்பா. எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாது. அதைத்தான் சொல்லுறன். எனக்குத் தெரியாது."

அவ்வளவு சத்தமாக நான் வசந்தியோடு கதைத்தது இல்லை. பக்கத்தில் நின்றவர்கள் விலகி இடம் விட்டார்கள். வசந்தி எள்ளுச் சரையை நீட்டிக்கொண்டு நிற்கிறா. நான் இரண்டு கையையும் ஜாக்கெட் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

அப்போதுதான் பின்னால் ஒரு சத்தம். கறுக்.

திரும்பினோம். மிது மேசையில் ஏறி இருக்கிறாள். மடியில் ஐஸ்கிரீம் டப்பா. ஒரு கன்னம் வீங்கி இருக்கு. வாயெல்லாம் பயற்றமா.

"ஐயோ!" வசந்தி பாய்ந்து போனா. "துப்பு! துப்பு பிள்ளை! உதைத் திங்கக் கூடாது!"

"ஏன்? மாமி மேட் இற்."

"அது சித்தப்பாவுக்கு!"

மிது சுற்றிவரப் பார்த்தாள். ஐஸ் மலை, சனம், கடல்.

"ஹீ இஸ் நொட் ஹியர்," என்றாள். "வந்தா மாமி திருப்பிச் செய்வாதானே?"

அவளுக்கு அது பெரிய விஷயமே இல்லை. அடுத்ததை எடுத்தாள்.

நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். டப்பாவுக்குள் கையை விட்டேன். ஒன்றை எடுத்துக் கடித்தேன்.

வசந்தி என்னைப் பார்த்த பார்வை — புழுவைப் பார்க்கிறது போல. "என்னப்பா செய்யிறீங்கள்? படையலல்லோ!"

"செத்தவனுக்கு வைச்சால் படையல். இது பலகாரம். இரும். நீரும் எடும்."

எள்ளுச் சரையை மடித்துப் பைக்குள் வைத்தா. பிறகு வந்து இருந்தா. எடுத்தா. அழுதுகொண்டுதான் திண்டா. ஆனால் நல்லாத்தான் திண்டா.

அந்த நேரம் பார்த்து ஐஸ் மலையிலிருந்து வீடளவு துண்டொன்று உடைந்து கடலில் விழுந்தது. முழுக் கப்பலும் கத்தியது, கை தட்டியது. நாங்கள் மூன்று பேரும் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு பணியாரம் சாப்பிட்டுக்கொண்டு இருந்தோம். அதைப் பார்க்கத்தான் கப்பல் அவ்வளவு தூரம் போனது. மிது இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் வசந்தி ஒன்றையே சொன்னா. "அக்கா கேட்டா, செய்தது எண்டு ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ. ஒரு சொல்லுத்தானே." சரி, ஒரு சொல்தான். அந்த ஒரு சொல்லுக்குத்தான் அந்த நாட்டு அரசாங்கத்தில் எல்லோரும் காத்துக்கொண்டு இருக்கிறார்கள் — செத்தான் என்று நாங்களே சொல்லட்டும் என்று.

மில்லிக்கனுக்குப் போனோம். அக்கா குசினியில். திரும்பாமலே கேட்டா.

"செய்தனியே?"

"இல்லை."

"பணியாரம்?"

"திண்டம்."

"ஆர்?"

"மூண்டு பேரும்."

கரண்டி விழுந்தது. "டேய்! பிள்ளைக்கும் குடுத்தோ? நீ ஒரு மனிசனோடா? அவன் அங்க பசியோட நிக்கிறான். ஒவ்வொரு நாளும் வந்து கேக்கிறான். அவன்ர வாயில போகவேண்டியதை நீங்கள்..."

"பசிக்குது எண்டோ கேக்கிறான்?"

"ஓமடா! பசிக்குது, பசிக்குது எண்டு!"

"பசிக்கிறது உயிரோட இருக்கிறவனுக்கு, அக்கா."

அக்கா அடுப்பை நிற்பாட்டினா. கதிரையில் இருந்தா. அத்தான் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"அப்ப அவன் எங்கையடா?"

"தெரியாது."

"தெரியாது, தெரியாது... உதைத் தவிர உனக்கு வேற கதை இல்லையோ? போ. வீட்ட போ."

வந்துவிட்டோம். ஒரு கிழமை கதை இல்லை. வசந்தி என்னோடும் அளவாகத்தான் கதைத்தா. நான் வேலைக்குப் போனேன், வந்தேன்.

இப்போது சொல்லுங்கோ. துக்கம் காக்கவில்லை என்று கேட்கிறீர்கள். துக்கம் காத்தால் எல்லோருக்கும் வசதி. கணக்கு முடிந்தது. கேள்வி முடிந்தது. மண்டபத்தில் சாப்பாடு போட்டால் நீங்களும் வருவீர்கள். நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கப்பலில் போவேன். அடுத்த வருடமும் முடிந்தால் போவேன். என் தம்பியை ஒருவரும் என் கையால் சாகடிக்க முடியாது.

நேற்று அத்தான் போன் எடுத்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று விளங்கவில்லை.

"தம்பி, நீர் என்ன சொல்லிப்போட்டுப் போனனீர்? உம்மட அக்கா காலமை ஐயருக்குப் போன் அடிச்சு, நாளும் வேண்டாம் சாமானும் வேண்டாம் எண்டிட்டா. அந்த மனிசன் பாவம், சந்தோசத்தில 'தம்பி கிடைச்சிட்டாரோ பிள்ளை?' எண்டு கேட்டிருக்கிறார்."

"அக்கா என்ன சொன்னவ?"

"'இல்லை ஐயா, இனித்தான் தேடப்போறம்' எண்டா."