தொட்டிக்காரன் செய்த படகு

தண்ணீர் குடிப்பதற்கு முன் இருதயராஜ் ஒன்று செய்வான். சொம்பை இடது கையில் வாங்கி, வலது உள்ளங்கையால் அதன் அடியை ஒரு முறை தடவுவான். பிறகு அந்தக் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பான். ஈரம் இல்லையென்றால்தான் சொம்பு வாய்க்குப் போகும்.

ஆம்பூரில் தோல் பதனிடும் மண்டியில் பதினெட்டு வருஷம் மரத்தொட்டி செய்தவன் அவன். தோல் ஊறும் ஆவாரம்பட்டைச் சாறு ஒரு சொட்டுக் கசிந்தாலும் மேஸ்திரியிடம் பேச்சு வாங்க வேண்டும். அதில் கையோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். கல்யாணமான மறுநாள் செண்பகம் நீட்டிய சொம்பையும் இப்படித்தான் தடவினான். அழுக்குத் தேடுகிறான் என்று நினைத்து அவள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டில் மண்டியில் சிமெண்டுத் தொட்டிகள் வந்தன. மரத்தொட்டிகளைப் பிரித்து, பலகைகளை அடுப்பெரிக்க என்று அவனிடமே தள்ளிவிட்டார்கள்.

"பொங்கல் வரைக்கும் சில்லறை வேலை எதுனா பாரு" என்றார் மேஸ்திரி. "பொங்கல் போன திங்கக்கிழமையிலருந்து சுண்ணாம்புக் குழி. வேற இன்னா இருக்குது உனக்கு?"

முடி உதிரத் தோலை ஊறப்போடும் அந்தச் சுண்ணாம்புக் குழியை இருதயராஜுக்குத் தெரியும். அவன் அண்ணன் அந்தோணி அதில்தான் இருந்தான். பத்து விரலில் ஆறுக்கு நகம் கிடையாது. சோற்றைப் பிசைந்தால் எரியும் என்று பெண்சாதி ஊட்டிவிடுவாள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், அந்தோணியும் சேர்ந்து சிரிப்பான். அந்தச் சிரிப்புதான் இருதயராஜுக்குப் பயம்.

அந்த வருஷ மழையில் பெரிய ஏரி, உபரித் தண்ணீர் வழியும் கடைவாசல் வரை நிரம்பியிருந்தது. கரையோரம் வீச்சுவலைக்காரர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். நடு ஏரிக்குப் போக எவனிடமும் எதுவும் இல்லை. அங்கே மீன் பிடிக்கலாமா என்று இருதயராஜ் ஊர்ப் பெரியவர்களிடம் போய்க் கேட்டான். "நடுவுக்குப் போக முடிஞ்சா நீயே வலை போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டு வாசலில் பலகைகளை அடுக்கிவைத்து அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தான். படகு மிதந்தால் ஏரி. இல்லாவிட்டால் குழி.

படகை அவன் பார்த்தது ஒரே ஒரு தடவை, வேளாங்கண்ணி மணலில். கிட்டே போய்த் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் தண்ணீரையும் பலகையையும் தெரிந்த தனக்குப் படகு வராதா என்று ஒரு தைரியம்.

பட்டை வண்டி ஓட்டும் ஹபீப் தினமும் மாட்டை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பான்.

"இன்னா இருதயம், தோல் ஊர்ல மரப்படகா? நாலு மூங்கிலை வளைச்சி ஒரு எருமைத் தோலை இழுத்துக் கட்டினா பரிசலு ஆச்சி. நம்மூர்ல தோலுக்கா பஞ்சம்?"

"தோலே வேணாம்னுதானே பாய் ஏரிக்குப் போறேன்."

சொன்னானே ஒழிய, பலகையும் பலகையும் சேரும் இடத்தில் தோல் வாரைத் தவிர வேறு எதுவும் அவன் கைக்குத் தெரியாது. பதினெட்டு வருஷம் தொட்டிக்கு அடித்தது போலவே இதற்கும் அடித்தான். உட்பக்கம் இடுக்கின்மேல் மெல்லிய வாரை வைத்து, மேல் ஓரத்தில் மட்டும் ஆணி. கீழ் ஓரம் சும்மா விட வேண்டும். இரண்டு பக்கமும் அடித்தால் மரம் உப்பும்போது வார் கிழியும்.

மார்கழிக் கடைசியில் படகு முடிந்தது. தொட்டியைச் சோதிப்பதுபோலக் கல்லின்மேல் ஏற்றி, விளிம்பு வரை கிணற்றுத் தண்ணீர் ஊற்றினான். மூன்று நாள். அடிப்பலகை முழுக்க உள்ளங்கையை ஓட்டினான். கை காய்ந்த சருகு மாதிரி வந்தது. செண்பகத்தைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் கையைப் பார்த்தாள், படகைப் பார்க்கவில்லை. பாலாறு ஊருக்குள் புகுந்த வருஷம் அவளுடைய நாலு வயசுத் தம்பியைக் கொண்டுபோயிருந்தது. ஆறு வெறும் மணலாகக் கிடக்கும்போதுகூட அவள் வேகமாகத்தான் கடப்பாள்.

ஹபீப் வண்டியில் ஏற்றிப்போய் ஏரியில் இறக்கினார்கள். இருதயராஜ் சிலுவை போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். பத்துக் கோல் தூரம் போவதற்குள் கணுக்கால் நனைந்தது. இன்னும் பத்துக் கோலில் முழங்கால். திரும்பி வந்தபோது படகு பாதி ஏரியைக் குடித்திருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி தண்ணீர் நிரப்பினான். ஒரு சொட்டுக் கசியவில்லை.

மறுநாள் ஏரி. மறுபடி முழங்கால்.

"கெணத்துத் தண்ணி கனம் ஜாஸ்தி, ஏரித் தண்ணி கனம் கம்மி. எந்தச் சந்துல வேணா பூந்துரும்" என்றான் ஹபீப்.

அதையும் பார்த்துவிடலாம் என்று இருபது குடம் ஏரித் தண்ணீர் சுமந்து ஊற்றினான். அதுவும் உள்ளேயே நின்றது, சாதுவாக, அவன் முகத்தையே அவனுக்குக் காட்டிக்கொண்டு. உள்ளே வைத்தால் வெளியே போக மாட்டேன் என்கிறது. வெளியே வைத்தால் உள்ளே வந்துவிடுகிறது. அதே பலகை, அதே வார், அதே தண்ணீர். அவன் சாப்பிட உட்கார்ந்துவிட்டுச் சோற்றில் கை வைக்காமல் எழுந்து போனான். சொம்பைத் தடவிப் பார்த்துவிட்டுக் குடிக்க மறந்தான். தன் உள்ளங்கைமேலேயே சந்தேகம் வந்து, அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். பொய் சொல்வது கையா, ஏரியா?

"பேஜாரு புடிச்ச படகு. அடுப்புல வைய்யி, சோறாவது வேவும்" என்று ஹபீப் சொன்னபோது, முதல் தடவையாக இருதயராஜ் சிரிக்கவில்லை.

பொங்கல் கழிந்த ஞாயிறு, பூசை முடிந்ததும், கடைசி முறையாக ஏரிக்குப் போனார்கள். ஹபீபின் மாட்டுக்கு உடம்பு சரியில்லை, வண்டியை மட்டும் இரவல் கொடுத்திருந்தான். அதைத் தள்ளச் செண்பகம் வர வேண்டியதாயிற்று. கரை ஓரத்திலேயே படகை மிதக்கவிட்டு அவளை உள்ளே உட்காரச் சொன்னான். விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் மார்பளவு தண்ணீரில் நின்று, மூழ்கி மூழ்கி அடிப்பலகையை வெளியிலிருந்து தடவினான்.

"உள்ளாற எதுனா தெரியுதா? எங்கருந்து வருதுன்னு பாரு."

அவன் மறுபடி மூழ்கி எழுந்தான்.

"ந்தா, உன்னத்தான். எதுனா தெரியுதா?"

"ஒண்ணும் தெரியலீங்க" என்றாள். "எல்லாப் பக்கமும் தண்ணியாத்தான் இருக்குது."

அவன் தண்ணீரில் நின்றபடியே படகின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை சுண்ணாம்புக் குழியில் இறங்கினான். பதினைந்து வருஷம் இருந்தான். நகங்கள் ஒவ்வொன்றாகப் போயின. படகு வாசலிலேயே கல்லின்மேல் கிடந்தது. தெரு மாடுகள் அதில்தான் தண்ணீர் குடித்தன. குழியிலிருந்து வந்து சில சாயங்காலங்களில் அதன் அடியில் கை ஓட்டுவான், தோல் உரிந்த கைக்கு ஈரமும் காய்வும் ஒன்றாகவே தெரிய ஆரம்பித்த பிறகும்.

அவன் இறந்து முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவர்களிடம் செண்பகமே சொன்னாளாம். அந்த ஞாயிற்றுக்கிழமை படகுக்குள் உட்கார்ந்திருந்தபோது அவள் பார்த்தாள். தோல் வார்களின் கீழ் ஓரம் உதடு மாதிரி திறந்து திறந்து தண்ணீரை உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து தள்ளும் தண்ணீருக்கு, உட்பக்கம் அடித்த வார் கதவாகத்தான் இருந்தது. வாரை வெளிப்பக்கம் அடித்திருந்தால் போதும். ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தினாளாம். தண்ணீர் நின்றதாம். தம்பி ஞாபகம் வந்ததாம். விரலை எடுத்துவிட்டாளாம்.