பாறையடியில் போட்ட சாம்பிராணி

மடுல்சீமைப் பாறையில் ஏறி, உச்சியில் கூடாரம் போட்டுத் தங்குவதென்று நானும் என் மச்சான் காசிமும் முடிவு செய்த நாளிலிருந்து, பதுளையில் என் துணிக்கடையில் மனம் ஒட்டவே இல்லை. கயிறு போதுமா, கூடாரக் கித்தான் மழைக்குத் தாங்குமா என்று ஒரு மாதம் பட்டியல் எழுதி எழுதிக் கிழித்தேன். அந்தப் பக்கத்து ஆள் ஒருவரை விசாரிக்க மட்டும் தோன்றவில்லை.

மாட்டு வண்டியில் போய், காலையில் பாறையடியை அடைந்தோம். கடை திறக்கும்போது செய்வதுபோல, நல்லபடி ஏற வேண்டுமே என்று சட்டியில் தணல் மூட்டிச் சாம்பிராணி போட்டேன். புகை பாறையை ஒட்டியே மேலே போனது.

பக்கத்துத் தேயிலைச் சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி கத்தினாள்: "முதலாளி, நெருப்ப அணைங்க! மேல பாருங்க, மலைத்தேனீ!"

அண்ணாந்து பார்த்தேன். பாறையின் கறுப்புத் திட்டென்று நான் நினைத்திருந்தது அசைந்தது. சட்டியில் தண்ணீரைக் கொட்டிவிட்டு இருவரும் கித்தானுக்குள் சுருண்டோம். இரைச்சல் அடங்க வெகுநேரம் ஆனது. காசிமின் காது வீங்கிவிட்டது.

தேயிலைச் செடிகளுக்குள் பதுங்கியிருந்த அந்தப் பெண் எழுந்து, "எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேங்க?" என்றாள்.

இப்போதெல்லாம் மூட்டை கட்டுமுன் போகிற ஊர்க்காரரைத்தான் தேடுகிறேன். கடையில் சாம்பிராணி போடும்போதுகூட, ஒருதரம் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன்.