காய் பார்க்காத இஞ்சி

இன்று காலை உலர்ந்த செடிகளை வைத்திருக்கும் அலமாரியைத் திறந்தேன். ஒரு தாளின் மடிப்பிலிருந்து இஞ்சி வாசனை வந்தது. காய்ந்த செடிக்கு இத்தனை நாள் வாசனை தங்குமா என்று கேட்காதீர்கள். எனக்கு வந்தது.

கூடவே அம்மாவின் குரலும் வந்தது. நான் அந்தச் செடியைக் காட்டிலிருந்து கொண்டுவந்த அன்று, தேயிலை பறித்துவிட்டு வந்த ஈரக் கையோடு எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்று, "இஞ்சிதானே? ரசத்துல தட்டிப் போடலாமா?" என்று கேட்டார்.

"உலகத்துல யாரும் இதுக்கு இன்னும் பேரு வைக்கலம்மா" என்றேன். எங்கள் குடும்பத்தில் படிக்கப் போன முதல் ஆள் நான். கொஞ்சம் தலைக்கனம் இருக்கத்தானே செய்யும்!

"பேரு வைக்காத புள்ளைய ஏன் வாசல்ல போட்டிருக்க? உள்ள கொண்டா."

அப்பா திரிங்காப் மலையூரில் காய்கறி லோரி ஓட்டுகிறவர். ஓய்வு நாளில் என்னை மோட்டார் சைக்கிளில் காட்டோரச் சரிவுக்கு அழைத்துப் போவார். சருகை விலக்கினால், மண்ணோடு ஒட்டி அந்த இஞ்சியின் மஞ்சள் பூ. நான் மண்டியிட்டு இதழை அளப்பேன். அப்பா குடை பிடிப்பார். எனக்கல்ல, பூவுக்கு. "நீ நனைஞ்சா துடைச்சிக்குவ. அது பாவம்லா."

புதிய இனம் ஒன்றை விவரிக்கும்போது கிழங்கு, இலை, பூ, காய் என எல்லாவற்றையும் எழுத வேண்டும். காய்க்கு மட்டும் காத்திருந்தோம். அந்தச் சரிவைத் தவிர வேறெங்கும் அந்தச் செடி எங்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அப்பா லோரியை நிறுத்தி, இறங்கிப் பார்த்துவிட்டு எனக்கு அழைப்பார். "இன்னும் இல்லம்மா." பிறகு ஒருநாள் கத்தினார்: "சின்னதா உருண்டையா காய் புடிச்சிருக்கும்மா! சனிக்கிழமை வந்துடு!"

சனிக்கிழமை போனோம். காடு இருந்த இடத்தில் செம்மண். தோட்டம் போடுவதற்காக மலையைப் படிப்படியாக வெட்டியிருந்தார்கள். மண்வாரி இயந்திரம் ஓரமாக நின்றது. மழை தூறியது. அப்பா குடையை விரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நடந்து நடந்து தேடினார்.

"இங்கதான்லா... அந்தப் பாறைக்குக் கீழ..."

பாறையும் இல்லை.

கட்டுரை வெளிவந்ததும் அப்பாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். இலைக்கும் பூவுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

"காய்?"

"காணப்படவில்லைன்னு எழுதியிருக்கேன்பா."

"நான் பாத்தேனே" என்றார், மெதுவாக.

கையில் காய் இல்லாமல் அதை எழுத முடியாது. அடுத்த வரியை வாசித்தேன்.

இப்போது அந்தச் சரிவில் முட்டைக்கோஸ் விளைகிறது. அப்பாவின் லோரியில்தான் ஏற்றுகிறார்கள். ஏற்றி முடிக்கும்வரை அப்பா இஞ்சினை அணைக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருப்பாராம். கீழே இறங்குவதில்லையாம்.