நாலே முக்கால் வோல்ட்

மச்சானின் மல்டிமீட்டரை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. வோல்ட் அளக்கிற, மஞ்சள் உறை போட்ட சின்ன மீட்டர். அக்காவின் முகத்தைவிட அதைத்தான் அவர் அதிகம் பார்த்திருப்பார். இப்போது இணையத்தில், வோல்ட் இறங்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று ஊருக்கே பாடம் எடுக்கிறார். கீழே பாராட்டு வேறு குவிகிறது.

அக்கா புருஷனுக்குப் பழைய காலத்துக் கம்ப்யூட்டர் போர்டுகள் மேல் அப்படியொரு பித்து. பாகங்களைத் தருவித்து, தானே ஈயம் வைத்துப் பற்றவைப்பார். அந்தப் போர்டுக்கு ஐந்து வோல்ட் வேண்டும். கொஞ்சம் இறங்கினாலும் திரையில் கண்ட கண்ட எழுத்தெல்லாம் ஓடி, எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அவர்கள் குடியிருந்ததோ பதுளைப் பக்கம் ஹாலிஎலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பராவில். அத்தனை வீட்டையும் தாண்டி, மெல்லிய வயரில் இளைத்து இளைத்துத்தான் கரண்ட் அங்கே வந்து சேரும். ஆகவே போர்டு ஓடும்போது லயத்தில் யாரும் தண்ணீர் கொதிக்கவைக்கக் கேத்தல் போடக்கூடாது, அயன் போடக்கூடாது. தோட்டத் துரை மாதிரி வாசலில் நின்று அதட்டுவார். படித்த மனிதராயிற்றே என்று சனமும் அடங்கிப் போனது.

அக்காவுக்கு இழுப்பு. தேயிலை ஃபெக்டரியில் தூள் சலித்துச் சலித்து வந்தது. மூச்சு முட்டினால் நெபுலைசர் மெஷினைப் போட்டு மருந்துப் புகையைப் பிடிக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது, மச்சான் தன் இணையக் கூட்டாளிகளுக்கு வீடியோவில் போர்டைக் காட்டிக்கொண்டிருந்தார். அக்கா இழுத்துக்கொண்டே வந்து மெஷினைப் போட்டாள். மீட்டர் இறங்கியது.

"ஐயோ, நாலே முக்காலுக்கு வந்துருச்சு! கொஞ்சம் பொறு புள்ள, இத முடிச்சுக்கிறேன்" என்று மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதே கையோடு சிரித்தபடி திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் எழுந்து போவதற்குள் அக்கா சுவரோடு சரிந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்துவிட்டது. ஓர் ஆட்டோவைப் பிடித்து, அவளை அள்ளிப் போட்டுக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மச்சான் வரவில்லை. ஒரு போன்கூட எடுக்கவில்லை.

மறுநாள் மாலை அவளைக் கூட்டி வந்தேன். ஆட்டோவை விட்டு இறங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு படி ஏறினாள். மச்சான் வெளியே வந்தார். முகமெல்லாம் பூரிப்பு. அக்காவைக் கண்டதால் என்றுதான் நானும் நினைத்தேன்.

"நீங்க ரெண்டு பேரும் போனப்பறம் பாத்தேன், அஞ்சு வோல்ட் அப்படியே அசையாம நின்னுச்சு!"

அக்கா திரும்பினாள். ஏறிய படியிலிருந்து இறங்கினாள்.

"தம்பி, ஆட்டோவப் போக விட்றாத."